தத்தெடுக்க ஏன் ஊரிடம் கேட்க வேண்டியிருக்கிறது?

அமெரிக்காவில் தத்தெடுக்கக் காத்திருக்கும் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஜிக்சா புதிர் ஒன்றை வாங்குவார்கள். துண்டுக்கு ஐந்து டாலர், பத்து டாலர் என்று வைத்து, தத்துச் செலவுக்காகச் சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் பணம் கேட்பார்கள். பணம் தந்தவரின் பெயரை அந்தத் துண்டின் பின்புறம் பேனாவால் எழுதுவார்கள். எல்லாத் துண்டுகளும் போனதும் புதிரைச் சேர்த்து ஒட்டி, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி கண்ணாடிச் சட்டம் போட்டு, வரப்போகும் பிள்ளையின் அறையில் மாட்டுவார்கள். முன்னால் படம், பின்னால் பெயர்கள். நீ வருவதற்கு இத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று பிற்பாடு காட்டலாம்.

டீ-ஷர்ட் விற்பது, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது, தேவாலயத்தில் காலை விருந்து வைப்பது, இணையத்தில் வேண்டுகோள் பக்கம் தொடங்குவது என்று வழிகள் பல. டென்னசி மாநிலத்தில் 2008-ல் தொடங்கிய 'போத் ஹேண்ட்ஸ்' என்ற அமைப்பின் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. தத்தெடுக்க விரும்பும் குடும்பமும் அவர்களுடைய நண்பர்களும் ஒருநாள் கூடி, தனியாக வாழும் ஒரு விதவையின் வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறார்கள். வேலிக்கு வண்ணம் அடிப்பது, உடைந்த படியைச் சரிசெய்வது மாதிரியான வேலைகள். அந்த ஒருநாள் உழைப்பை ஆதரித்து மற்றவர்கள் தரும் பணம் தத்துச் செலவுக்குப் போகிறது.

முதல்முறை இதைக் கேள்விப்படுகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒரு குழந்தைக்கு வீடு கொடுக்க எதற்கு இவ்வளவு பணம்? சரி, பணம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், அதை ஊரிடம் ஏன் கேட்க வேண்டும்? இரண்டுக்கும் நேரான பதில் உண்டு. அந்தப் பணம் யார் கைக்கு, எந்தக் கட்டத்தில், எதற்காகப் போகிறது என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. மற்ற இரண்டையும்விட அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

மூன்று வழிகள், மூன்று செலவுகள்

அங்கே தத்தெடுக்க முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, அரசின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளைத் தத்தெடுப்பது. வீட்டில் வன்முறை, போதைப் பழக்கம், கவனிப்பின்மை போன்ற காரணங்களால் நீதிமன்றம் பெற்றோரிடமிருந்து பிரித்து, தற்காலிக வளர்ப்புக் குடும்பங்களிலோ காப்பகங்களிலோ உறவினர் வீட்டிலோ விட்டிருக்கும் பிள்ளைகள் இவர்கள். 2023 நிதியாண்டின் முடிவில் இப்படி ஏறக்குறைய 3,43,000 பேர் இருந்தார்கள். அந்த ஓராண்டில் தத்துப் போனவர்கள் சுமார் 50,000 பேர். இந்த வழியில் பெற்றோருக்குச் செலவே இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படியே செலவு இருந்தாலும் சில ஆயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். வீடு கிடைப்பது கடினம் என்று மாநிலம் கருதும் பிள்ளைகளைத் தத்தெடுப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரவும் 1980-லேயே கூட்டாட்சிச் சட்டம் வழிசெய்திருக்கிறது. உடல்நலக் குறை உள்ளவர்கள் மட்டுமல்ல, கொஞ்சம் வளர்ந்துவிட்ட பிள்ளைகளும், பிரிக்காமல் ஒன்றாகப் போக வேண்டிய அண்ணன் தங்கைகளும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இரண்டாவது வழி, பிறந்த குழந்தையைத் தனியார் ஏஜென்சி மூலமாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ தத்தெடுப்பது. அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத் தகவல் மையம் தரும் கணக்குப்படி ஏஜென்சி வழியாக என்றால் 30,000 முதல் 60,000 டாலர் வரை ஆகும். வழக்கறிஞரை மட்டும் வைத்துச் செய்தால் 25,000 முதல் 45,000 வரை. மூன்றாவது, வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பது. அதற்கு 20,000 முதல் 50,000 வரை. ஊரிடம் பணம் கேட்கும் வேண்டுகோள்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு வழிகளைச் சேர்ந்தவை.

இந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது? முதலில் ஹோம் ஸ்டடி. சமூகப் பணியாளர் ஒருவர் பலமுறை வந்து பேசுவார். வருமானம், உடல்நலம், காவல்துறைப் பதிவு, கணவன் மனைவி உறவு, பிள்ளை அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்பது வரை எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை எழுதுவார். இதற்கு ஆயிரம் முதல் மூவாயிரம் டாலர் வரை ஆகும். அப்புறம் ஏஜென்சிக் கட்டணம். பெரும்பங்கு இதுதான். பெற்ற தாய்க்கு மனநல ஆலோசனை, அலுவலகச் செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் இதற்குள் வருகின்றன. கர்ப்பிணிப் பெண்களைத் தேடி விளம்பரம் செய்யும் செலவும் இதற்குள்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதுபோக, காப்பீடு ஏற்காத பிரசவச் செலவு, பல மாநிலங்களில் கர்ப்ப காலத்தில் தாயின் வீட்டு வாடகையும் சாப்பாடும், இரு தரப்புக்கும் வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம். குழந்தை வேறு மாநிலத்தில் பிறந்தால், இரு மாநில அதிகாரிகளும் ஒப்புதல் தரும்வரை கைக்குழந்தையோடு அங்கேயே தங்கியிருக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு வார விடுதி வாடகையும் பெற்றோர் தலையில்தான்.

வெளிநாட்டுத் தத்தில் மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், அந்த நாட்டு அமைப்புகளின் கட்டணம், விசா, விமானச் சீட்டு எல்லாம் சேரும். சில நாடுகள் இரண்டு மூன்று முறை நேரில் வரச் சொல்லும்.

இதில் பெரும்பகுதி செய்த வேலைக்கான கூலி. தாயிடம் அவசரப்படுத்தாமல் நாலு முறை உட்கார்ந்து பேசும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மலிவாக முடிந்த தத்து நல்ல தத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாமே வேலைக்கான கூலிதானா என்றால், அதுவும் இல்லை. சில ஏஜென்சிகள் கறுப்பினக் குழந்தைகளைத் தத்தெடுக்கக் குறைவான கட்டணமும் வெள்ளையினக் குழந்தைகளுக்குக் கூடுதல் கட்டணமும் வாங்குவதை அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் 2013-ல் செய்தியாக்கியது. படிவங்கள் ஒன்று, நீதிமன்றம் ஒன்று, ஆலோசகர் செலவிடும் நேரமும் ஒன்றே. அப்படியிருந்தும் கட்டணம் மாறுகிறது என்றால், அந்த வித்தியாசம் எத்தனை பேர் கேட்டு நிற்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அரசு திருப்பித் தருகிறதே?

தருகிறது. தத்துச் செலவுக்கான கூட்டாட்சி வரிச் சலுகை 1997 வரியாண்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதிகபட்சம் 5,000 டாலர். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு 6,000. படிப்படியாக உயர்ந்து 2025-ல் அது 17,280 டாலர் ஆகியிருக்கிறது. இது வருமானத்தில் கழிப்பது அல்ல, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிப்பது. பெரிய தொகைதான்.

இருந்தாலும் இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, கட்ட வேண்டிய வரி இருந்தால்தானே அதில் கழிக்க முடியும்? வருமானம் குறைந்த குடும்பம் வருடத்துக்கு மூவாயிரம் டாலர்தான் வரி கட்டுகிறது என்றால், 2024 வரியாண்டு வரை அந்த வருடம் மூவாயிரத்துக்கு மேல் பலன் கிடைத்ததில்லை. மிச்சத்தை ஐந்து ஆண்டுவரை தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். 2010, 2011 இரண்டு வருடங்கள் மட்டும் வரி இல்லாதவர்களுக்கும் முழுத்தொகையைக் கையில் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். 2025-ல் வந்த சட்டம் 5,000 டாலர் வரை அப்படிக் கையில் கிடைக்க மறுபடி வழிசெய்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல் நேரம். உள்நாட்டுத் தத்தில், தத்து முடிவதற்கு முன்னால் ஒரு வருடம் செலவழித்ததை அதற்கடுத்த வருடக் கணக்கில்தான் கேட்க முடியும். வெளிநாட்டுத் தத்தில் எல்லாம் முடிந்து உறுதியாகும் வருடம் வரை ஒரு காசும் கேட்க முடியாது. ஏஜென்சியோ விண்ணப்பத்தின்போது ஒரு தவணை, ஹோம் ஸ்டடிக்கு ஒரு தவணை, குழந்தையைத் தர முன்வரும் ஒரு கர்ப்பிணித் தாயோடு பொருத்தம் அமைந்ததும் பெரிய தவணை என்று முன்கூட்டியே கேட்கும். அந்தப் பெரிய தவணையைச் சில நாட்களுக்குள் கட்டச் சொல்வதும் உண்டு. ஆக, திரும்பி வரப்போகிற பணத்தையே ஒன்றிரண்டு வருடம் முன்னால் கையில் வைத்திருந்தாக வேண்டும். பள்ளி ஆசிரியருக்கோ செவிலியருக்கோ அது எளிதல்ல. சில நிறுவனங்கள் ஊழியர்களின் தத்துச் செலவில் ஒரு பகுதியைத் தருகின்றன. ராணுவத்தில் இருப்பவர்களுக்குக் குழந்தைக்கு 2,000 டாலர் வரை திருப்பிக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் போக நிற்கும் இடைவெளிதான் ஊரிடம் கேட்க வைக்கிறது.

கேட்கும்போது சட்டம் என்ன சொல்கிறது

ஒரு குடும்பம் தன் பெயரில் இணையத்தில் பக்கம் தொடங்கிப் பணம் வாங்கினால், வருமான வரித்துறை அதைப் பொதுவாக அன்பளிப்பாகவே பார்க்கும். கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வரிவிலக்கு கிடைக்காது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் "இது இன்ன குடும்பத்துக்கு மட்டும்" என்று கட்டளையிட்டுக் கொடுத்தால் விலக்கு போய்விடும். பணத்தை யாருக்குத் தருவது என்ற இறுதி முடிவு நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதே விதி. 2012-ல் தொடங்கிய 'அடாப்ட் டுகெதர்' போன்ற அமைப்புகள் இந்த விதிக்குள் நின்று, குடும்பங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்து, பணத்தைத் தாங்களே வாங்கி, தத்துச் செலவுக்கு மட்டும் விடுவிக்கின்றன.

சின்னத் தொகை நிறைய சேரும் இடங்களில் இணையக் கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். கோஃபண்ட்மீ தளத்தில் ஒவ்வொரு நன்கொடைக்கும் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்ட்டும் பிடிக்கிறார்கள். நூறு டாலர் கொடுத்தால் 3.20 போகிறது, பெரிதாகத் தெரியாது. ஐந்து டாலர் கொடுத்தால் 45 சென்ட், அதாவது ஏறக்குறைய ஒன்பது சதவீதம். ஐந்து டாலர் புதிர்த் துண்டுக்குக் கையில் காசாக வாங்குவதே லாபம்.

மானியம் தரும் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. 'கிஃப்ட் ஆஃப் அடாப்ஷன்' 1996-லிருந்தும், 'ஷோ ஹோப்' 2003-லிருந்தும், 'ஹெல்ப் அஸ் அடாப்ட்' 2007-லிருந்தும் இயங்குகின்றன. ஹோம் ஸ்டடி முடிந்து தகுதி உறுதியான குடும்பத்தின் விண்ணப்பத்தைத்தான் இப்படிப்பட்டவர்கள் பார்ப்பார்கள். பணத்தைப் பொதுவாகக் குடும்பத்தின் கையில் தருவதில்லை. ஏஜென்சிக்கோ வழக்கறிஞருக்கோ நேராக அனுப்பிவிடுவார்கள். வெண்டீஸ் உணவகத்தை நிறுவிய டேவ் தாமஸ் தானே தத்துப் பிள்ளை. 1992-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளை வேறு பாதையில் போகிறது. அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அதிலும் வயது கூடியவர்களுக்கு, வீடு தேடித் தரும் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அதன் முக்கிய வேலை. பணத்தை எங்கே போட்டால் காத்திருக்கும் பிள்ளைக்குப் பலன் என்று யோசித்தவர்களின் ஏற்பாடு இது.

பணம் எந்தப் பக்கம் இழுக்கிறது

இங்கேதான் அந்த மூன்றாவது கேள்வி வருகிறது. தத்தெடுக்க நிறையப் பேர் காத்திருந்து, அவர்கள் கையில் பணமும் இருந்து, குழந்தைகள் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு பலமுறை பதில் சொல்லியிருக்கிறது.

டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் ஜார்ஜியா டான் என்ற பெண் 1920-களிலிருந்து 1950 வரை ஒரு குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். மாநிலத்துக்குள் தத்துக் கொடுக்க அவர் வாங்கியது வெறும் 7 டாலர். ஆனால் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த வசதியானவர்களிடம் போக்குவரத்துச் செலவு, விசாரணைச் செலவு என்ற பெயரில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வாங்கினார். அந்தத் தேவையை நிறைவேற்ற ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகளை ஏமாற்றியும் பறித்தும் கொண்டுவந்தார்கள். 1950 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்த சில நாட்களிலேயே டான் புற்றுநோயால் இறந்துபோனார். தண்டனை என்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பணம் கட்டிய குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் நல்ல மனதோடு கட்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

குவாத்தமாலாவில் நடந்தது இன்னும் நம் காலத்தது. அங்கே தத்து முழுக்கத் தனியார் நோட்டரி வழக்கறிஞர்கள் கையில் இருந்தது. சிறிய நாடு அது. அங்கிருந்து 2006, 2007 இரண்டு வருடங்களிலும் வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் குழந்தைகள் அமெரிக்காவுக்கு மட்டும் போனார்கள். குழந்தைக் கடத்தல், போலித் தாய்கள், போலிப் பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாக வெளிவந்து, 2007 முடிவோடு அந்த வழி மூடப்பட்டது. தென்கொரியாவில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு, வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகளுக்கு அரசையே பொறுப்பாளி ஆக்கியது. பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளை அநாதை என்று பதிவு செய்து வெளிநாடு அனுப்பியதும் ஆணையம் உறுதி செய்தவற்றில் ஒன்று.

இப்படிப்பட்டவற்றைத் தடுக்கத்தான் 1993-ல், நாடு விட்டு நாடு நடக்கும் தத்துக்கான ஹேக் உடன்படிக்கை எழுதப்பட்டது. பெற்ற தாயின் சம்மதம் பணத்தாலோ வேறு கைமாறாலோ தூண்டப்பட்டதாக இருக்கக் கூடாது என்கிறது அதன் 4-வது பிரிவு. தத்து வேலையால் யாரும் முறையற்ற பண லாபம் அடையக் கூடாது, உண்மையான செலவும் நியாயமான தொழில் கட்டணமும் மட்டுமே வாங்கலாம் என்கிறது 32-வது பிரிவு. அமெரிக்காவில் இது 2008 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் பல நாடுகள் கதவைச் சாத்தின, காரணங்கள் வேறுவேறாக இருந்தாலும். ரஷ்யா 2013-ல் அமெரிக்கர்களுக்குத் தடை போட்டது, எத்தியோப்பியா 2018-ல் நிறுத்தியது, சீனா 2024-ல் முடித்துக்கொண்டது. 2004-ல் ஏறக்குறைய 23,000 வெளிநாட்டுக் குழந்தைகள் அமெரிக்கக் குடும்பங்களுக்கு வந்தார்கள். 2023 நிதியாண்டில் வந்தவர்கள் 1,275 பேர்.

உள்நாட்டிலும் குற்றம் நடக்கத்தான் செய்கிறது. அரிசோனாவில் மாவட்ட அதிகாரப் பதவியில் இருந்த ஒரு வழக்கறிஞர், மார்ஷல் தீவுகளிலிருந்து கர்ப்பிணிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து பிரசவிக்க வைத்துக் குழந்தைகளைத் தத்துக் கொடுத்தது 2019-ல் பிடிபட்டது. தத்துக்காக அந்தத் தீவு மக்கள் அமெரிக்காவுக்கு வருவதற்கு இரு நாட்டு ஒப்பந்தத்திலேயே தடை இருக்கிறது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மிச்சிகனில் தத்துத் தொழில் நடத்திய ஒரு பெண், ஒரே கர்ப்பிணியை இரண்டு குடும்பங்களுக்குக் காட்டியும், இல்லாத கர்ப்பிணிகளைக் காட்டியும் பணம் வாங்கியதற்காக 2020-ல் பத்து வருடச் சிறைக்குப் போனார். ஏமாந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கைகொடுத்த உறவும் நட்பும் இருந்திருக்கும்.

பெற்ற தாய் எங்கே நிற்கிறாள்

வேண்டுகோள் பக்கங்களில் தத்தெடுக்கும் பெற்றோரின் முகம் இருக்கும், சில சமயம் குழந்தையின் முகமும் இருக்கும். பெற்ற தாய் இருக்க மாட்டாள். இருந்தால், அவளுடைய போதைப் பழக்கமோ வறுமையோ ஒரு வரியில் இருக்கும்.

குழந்தையைக் கொடுத்த தாய்மாரிடம் பேசிச் செய்த ஆய்வுகளில் பணமின்மையும் தங்க இடமின்மையும் திரும்பத் திரும்ப முன்னுக்கு வருகின்றன. அவர்களில் சிலருக்கு மூன்று மாத வாடகையும் ஒரு குழந்தைக் கட்டிலும் கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஒரு தத்துக்குத் திரட்டும் நாற்பதாயிரம் டாலரோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. வளர்க்க முடியாத சூழ்நிலை உண்மையிலேயே இருக்கும், தாய் மனதார முடிவெடுத்த தத்துகளும் நிறைய இருக்கின்றன. அதற்காக இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட முடியாது. அமெரிக்க அரசே 2018-ல் கொண்டுவந்த சட்டத்தின் வழியாக, பிள்ளையைப் பிரித்தபின் செலவழிக்கும் கூட்டாட்சிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் காப்பதற்குச் செலவழிக்க இடம் கொடுத்திருக்கிறது. தனியார் தத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு தாய் மனம் மாறுவது சகஜம். டெக்சாஸில் குழந்தை பிறந்து 48 மணி நேரம் ஆகும்வரை அவள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே முடியாது. அந்த அவகாசம் அவளுக்காகத்தான் வைக்கப்பட்டது. இப்போது இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள்: குழந்தைக்குப் பெயர் அறிவித்தாயிற்று, இருநூறு பேர் பணம் தந்தாயிற்று, அவர்கள் வாழ்த்துகளைத் தாயும் தன் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கிறாள். சட்டப்படி அவளுக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அத்தனை பேர் எதிர்பார்ப்பையும் மீறி "என் பிள்ளையை நானே வளர்க்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு பலம் வேண்டும்! யாரும் வேண்டுமென்று செய்யும் அழுத்தம் இல்லை இது. அதனாலேயே கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளை வளர்ந்து படிக்கும்போது

ஓஹையோவைச் சேர்ந்த யூடியூப் தம்பதி ஒருவர் சீனாவிலிருந்து ஒரு சிறுவனை 2017-ல் தத்தெடுத்தார்கள். அவன் வருவதற்கு முன்பே, ஐந்து டாலர் கொடுத்தால் ஒரு புதிர்த் துண்டு திறக்கும், எல்லாம் திறந்தால் அவன் முகம் தெரியும் என்று நிதி கேட்டார்கள். வந்த பிறகு அவனை வைத்து எடுத்த காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2020-ல் அவனை வேறு குடும்பத்திடம் கொடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். அவன் நல்ல இடத்தில் இருக்கிறான் என்று காவல்துறை விசாரித்து உறுதிசெய்தது. ஆனால் அவன் நோய்விவரம், அவன் கதை எல்லாம் அதற்குள் உலகம் பூராவும் போய்விட்டன.

இது கடைக்கோடி உதாரணம். சாதாரண வேண்டுகோளிலும் இதே ஆபத்து சின்ன அளவில் இருக்கிறது. "இதயத்தில் ஓட்டை, தாய் கைவிட்டுப் போனாள், காப்பகத்தில் பாலுக்கும் வழியில்லை" என்று எழுதினால் பணம் சீக்கிரம் சேரும். அந்த வரிகளைப் பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கும். அதன் வகுப்புத் தோழர்களும் கண்டுபிடிப்பார்கள். தன் வருகைக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் ஒரு பிள்ளைக்குப் பெருமையாக இருக்கலாம். இன்னொரு பிள்ளைக்கு, நான் இவர்களுக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்ற சுமையாக இருக்கலாம். எந்தப் பிள்ளைக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வளர்ந்துவிட்ட தத்துப் பிள்ளைகளில் பலர், நன்றியோடு இரு என்று சொல்லிச் சொல்லியே தங்கள் இழப்பைப் பேசவிடாமல் செய்தார்கள் என்று சொல்வதைக் கேட்டால் இந்தத் தயக்கம் புரியும்.

இதற்காகப் பணமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் விட்டால் வசதியானவர்கள் மட்டும்தான் தத்தெடுக்க முடியும் என்றாகிவிடும். கேட்கும் விதத்தைப் பற்றித்தான் பேச்சு. ஹோம் ஸ்டடிக்கு இவ்வளவு, வழக்கறிஞருக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, எங்கள் சேமிப்பு இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று எழுதலாம். எந்த ஏஜென்சி, அதற்கு அரசு உரிமம் இருக்கிறதா, தாய்க்குத் தனி வழக்கறிஞரும் ஆலோசகரும் கொடுக்கிறார்களா என்று எழுதலாம். குழந்தையின் படமும் உடல்நலமும் தாயின் கதையும் அந்தப் பக்கத்தில் இல்லாமலே கேட்கலாம். பல ஏஜென்சிகள் தத்து உறுதியாகும்வரை படம் போடுவதைத் தடுக்கவும் செய்கின்றன. ஒரு தாயோடு பொருத்தம் அமைவதற்கு முன்பே, ஹோம் ஸ்டடி முடிந்த கையோடு திரட்டிவிட்டால், ஒரு குறிப்பிட்ட பெண்ணின் மேலும் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் மேலும் அந்தப் பணத்தின் பாரம் விழாது. பணம் கொடுக்கிறவர்களும் இதையெல்லாம் கேட்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூசத் தேவையில்லை.

தத்து நடக்காமல் போனால் பணம் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. தாயின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது பெரும்பாலான மாநிலங்களில் உதவியாகவே கருதப்படும்; மனம் மாறினாள் என்பதற்காகத் திருப்பிக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஏஜென்சியிடம் கட்டியதில் எது திரும்பும், எது அடுத்த பொருத்தத்துக்குக் கணக்கில் நிற்கும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டில் முயன்று நடக்காமல் போன தத்தின் செலவுக்கும் வரிச் சலுகை கேட்கலாம், வெளிநாட்டு முயற்சிக்கு முடியாது. இதெல்லாம் போகக் கையில் மிஞ்சிய பணத்தை கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பப் போகிறோமா, அடுத்த முயற்சிக்கு வைத்துக்கொள்ளப் போகிறோமா, வேறொரு குடும்பத்துக்கு மாற்றப் போகிறோமா, அல்லது அந்தத் தாய் தன் பிள்ளையோடு வீடு திரும்ப உதவியாகக் கொடுக்கப் போகிறோமா என்று முன்பே சொல்லிவிட்டால், கொடுக்கிறவர்கள் தெரிந்தே கொடுப்பார்கள்.